நான்காவது மெழுகுவர்த்தி

எங்கள் வீட்டில் யாரும் கதவை அறைந்து சாத்துவதில்லை. என்னை இந்த அறைக்கு அழைத்துவந்த காவலர் கதவைச் சாத்தியபோது நான் திடுக்கிட்டதற்கு அதுவே காரணம். தாங்கள் அதை அச்சம் என்று எண்ணியிருக்கக்கூடும் என்பதால் முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களே, தமிழில் எழுத அனுமதி அளித்தமைக்கு நன்றி. கன்னடம் பேசுவேன்; ஆனால் பிழையின்றி எழுத வராது. மிஷன் பள்ளி அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் பிழையோடு ஒரு வாக்குமூலத்தைக் கொடுப்பது முறையாகாது.

என் தந்தையார் பொதுப்பணித் துறையில் வரைவாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1996-இல் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. இதயத் தசையில் பெரும்பகுதி செயலிழந்துவிட்டதால் அறுவைச் சிகிச்சை பயன் தராது என்றார்கள். அவரை வீட்டுக்கு அழைத்துவந்த அன்று டாக்டர் வெங்கடகிருஷ்ணன் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "நோயல், உங்கப்பா ஹார்ட் இப்ப பேப்பர் கப் மாதிரி. மாத்திரைய நான் பாத்துக்கறேன். ஷாக் மட்டும் எதுவும் வராம நீங்க பாத்துக்கோங்க."

அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். நடந்தவை யாவும் அதிலிருந்து தொடங்குகின்றன.

அழைப்பு மணியைக் கழற்றினேன். தொலைபேசியைச் சமையலறைக்கு மாற்றி, பஞ்சு சுற்றி வைத்தேன். வீட்டில் மணி ஒன்றுதான் இருந்தது. அது அப்பாவின் கட்டிலருகே, அவர் என்னை அழைப்பதற்காக. என் மனைவி மௌரீன் மூன்று மாதம் பொறுத்துக்கொண்டு, பிறகு காக்ஸ் டவுனில் உள்ள தாய்வீட்டுக்குச் சென்றுவிட்டார். அவருக்குத் தும்மல் அதிகம். அவர் போனது ஒரு வகையில் வசதியாகவே இருந்தது.

அடுத்த வீட்டுத் தனக்கோடி அவர்கள் ஒரு நாய் வளர்த்தார். அது குரைக்கும்போதெல்லாம் அப்பாவின் நாடி ஏறும்; நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன். நாயைக் கட்டிவைக்குமாறு மூன்று முறை பணிவுடன் கேட்டேன். நான்காம் முறை கேட்கவில்லை. அப்பாவுக்காக வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனர் கனமானது. அதைத் துணியில் சுற்றினால் ஓசை குறைவு என்று அன்று அறிந்தேன். கொல்லைப்புறத்தில் ஒரு வறண்ட கிணறு உண்டு. அதன் வாயை மூடியிருந்த கல்பலகையின் அடியில் தேங்காய் எண்ணெய் தடவினால் சத்தமின்றி நகரும் என்பதையும் அன்றே அறிந்தேன்.

1997 ஜூனில் அம்மா சென்னையில் தம் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது படிக்கட்டில் விழுந்து இறந்தார். நான் போய் அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினேன். அப்பாவிடம் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, நகரக் கூடாது என்று சொன்னேன். இதில் நான் தனியாக இல்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இதய நோயாளியிடம் மரணச் செய்தியை மறைப்பது எங்கள் மக்களிடையே வழக்கம்தான். முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டுவரும் பங்குத்தந்தை மறைத்தார். பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே சிரித்துப் பேசினார்கள். நான் கூடுதலாகச் செய்தது ஒன்றே. அம்மாவின் கையெழுத்தில் வாரம் ஒரு கடிதம் எழுதினேன்.

அவர் ஒவ்வொன்றையும் இருமுறை படித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். "நல்லா எழுதியிருக்கா," என்பார். அவ்வளவுதான்.

கல்லறைத் திருநாளன்று கல்பள்ளி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் தாத்தா பாட்டி கல்லறையில் ஆளுக்கொன்றாக இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். அந்த நவம்பரில் நான் புறப்படும்போது அப்பா கூப்பிட்டார்.

"நோயல், இந்த வருஷம் மூணு வெச்சிடுப்பா."

"ரெண்டுதானேப்பா எப்பவும்?"

"மூணு வை."

மாத்திரைகள் சற்றுக் குழப்பம் தரக்கூடும் என்று மருந்துத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். நோயாளியோடு வாதிடக் கூடாது. மூன்று வைத்தேன்.

அம்மாவின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்காக அண்ணன் டொமினிக் பஹ்ரைனிலிருந்து வந்தார். நல்ல மனிதர், ஆனால் உரத்த குரல். வந்து செருப்பைக் கழற்றும்போதே, "என்ன குரு, இது வீடா மார்ச்சுவரியா? சிரிச்சா ஃபைன் போடுவியா?" என்றார். அப்பா அன்று சிரித்தார். பன்னிரண்டு மாதங்களில் அவர் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் முறை. நான் உடனே நாடி பார்த்தேன். தொண்ணூற்றாறு.

மறுநாள் சனிக்கிழமை, ஜூன் பதின்மூன்று. மதியம் மூன்று மணி. அப்பா உறங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் சமையலறை மேசையில் அமர்ந்து, எவர்சில்வர் தட்டில் மாம்பழம் அரிந்துகொண்டிருந்தார்.

"முழிச்சதும் சொல்லிடப் போறேன்டா. நாளைக்குப் பூசைக்கு அவரையும் கூட்டிட்டுப் போலாம். வீல்சேருக்குச் சொல்லிட்டேன்."

"மெதுவாப் பேசுண்ணா."

"நாப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த பொண்டாட்டிடா. அவளுக்கு அழக்கூட நீதான் பர்மிஷன் குடுக்கணுமா?"

"டாக்டர் சொல்லியிருக்காருண்ணா."

"சும்னே டாக்டர் டாக்டர்ங்காதே. நீ அவரைக் காப்பாத்தல, அடைச்சு வெச்சிருக்க." பிறகு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். "நாளைக்கு அவர் போயிட்டா என்ன பண்ணுவ? அவர் பேர்லயும் லெட்டர் போடுவியா?"

அவரை நான் வெறுக்கவில்லை. எத்தனை வழிகள் உண்டு என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவர் எப்போதும் சொன்னதைச் செய்பவர். ஆகவே வழி ஒன்றுதான் இருந்தது. ஸ்பேனர் ஜன்னல் விளிம்பில் துணி சுற்றியபடியே இருந்தது. பின்னால் சென்று காதுக்கு மேலே அடித்தேன். அவர் பக்கவாட்டில் சரிந்தபோது மேசையிலிருந்து தட்டும் சரிந்தது. தரையில் விழுமுன் அதைப் பிடித்துக்கொண்டேன். இன்றும் அதை நினைத்தால் நிம்மதியாக இருக்கிறது. அது எவர்சில்வர், விழுந்திருந்தால் அப்பா விழித்திருப்பார்.

அண்ணனுக்கு உயிர் இருந்தது. என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். கைத்துண்டை மடித்து உள்ளே வைத்து அழுத்திக்கொண்டேன். அவருடைய கால்கள் மேசையை உதைத்துக்கொண்டிருந்தன. அந்த ஓசை எனக்கு மிகவும் கவலை அளித்தது. ஆகவே அவர் முழங்கால்களின்மீது உட்கார்ந்துகொண்டு மேலும் ஆறு முறை அடித்தேன். நெற்றி எலும்பு உள்ளே போன பிறகு கால்கள் நின்றன. மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கலாம். ஒரு மனிதரிடம் இவ்வளவு இரத்தம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது கதவுப் பக்கம் ஓடியதால் அரிசிச் சாக்கைக் குறுக்கே போட்டு நிறுத்தினேன்.

அப்போது அப்பாவின் மணி ஒலித்தது.

கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போனேன். அவர் விழித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டொமினிக் எங்கப்பா?"

"கம்பெனியிலிருந்து போன் வந்துச்சுப்பா. அவசரமாக் கிளம்பிட்டான். உங்கள எழுப்ப வேணாம்னான்."

அப்பா வெகுநேரம் என் கைகளைப் பார்த்தார். நன்றாகக் கழுவியிருந்தேன், நகக்கண்ணில் மட்டும் சற்று இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். "சரி," என்று சொல்லிக் கண்களை மூடிக்கொண்டார். கண்ணோரம் நீர் வழிந்தது. அந்த வயதில் கண் கசிவது இயல்பு. நாடி பிடித்தேன். எண்பத்துநான்கு, சீராக. அன்று அந்த வீட்டில் பாதுகாக்கப்பட வேண்டியது எதுவோ அது பாதுகாக்கப்பட்டிருந்தது.

அண்ணனை அன்று மாலையே கிணற்றில் சேர்த்தேன். அப்பாவின் ஜன்னல் கொல்லைப்புறத்தைப் பார்த்தது என்றாலும் திரை போட்டிருந்தது. காற்றுக்கு அது சற்று விலகுவது உண்டு. அண்ணனுடைய நிறுவனத்துக்கு, அவர் வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக எழுதினேன்.

அதன் பிறகு வாரம் இரண்டு கடிதங்கள். பஹ்ரைனிலிருந்து ஒன்று, சென்னையிலிருந்து ஒன்று. ஒருநாள் அப்பா இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மாவும் மகனும் ஒரே மாதிரி பேசுறாங்க, பாரேன்," என்றார். அவர் பாராட்டினால் எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும். தலையைக் குனிந்துகொண்டேன்.

நேற்று மீண்டும் கல்லறைத் திருநாள். அப்பா என்னைக் கட்டிலருகே அழைத்து, பல மாதங்களுக்குப் பிறகு என் கன்னத்தைத் தொட்டார்.

"நோயல், நாலு வெச்சிடு. அவசரமில்ல. எல்லாம் எரிஞ்சு முடியற வரைக்கும் இருந்துட்டு வா."

மாத்திரையின் அளவு கூடியிருந்தது. நான்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கல்பள்ளியில் நான்காவது மெழுகுவர்த்தியைப் பற்றவைத்துக் காற்று படாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தபோதுதான் தாங்கள் என் தோளைத் தொட்டீர்கள்.

தாங்கள் காட்டிய காகிதத்தைப் பணிவுடன் மறுக்கிறேன். அதில் உள்ள செய்தியை அல்ல, அது அப்பா எழுதியது என்பதை. "என் மூத்த மகன் கொல்லைக் கிணற்றில் இருக்கிறான். இளையவனைக் கல்லறைக்கு அனுப்பியிருக்கிறேன். அவனை அடிக்க வேண்டாம்" என்ற மூன்று வரிகள். கொண்டுவந்து கொடுத்தவர் தனக்கோடி என்று தாங்களே சொன்னீர்கள். நாய் விஷயத்தில் அவருக்கு என்மீது மனக்குறை உண்டு. எழுத்து அப்பாவுடையதைப் போலவே இருக்கிறது, வரைவாளருக்கே உரிய நேரான எழுத்து. நடுக்கம்கூடச் சரியாக வந்திருக்கிறது. ஆனால் ஒருவருடைய எழுத்தை இன்னொருவர் எழுதுவது அப்படியொன்றும் கடினமல்ல. அப்பாவுக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் இதயம் தாங்கியிருக்காது. அவர் உயிரோடு இருக்கிறார். இதைவிட வேறு சான்று என்னிடம் இல்லை.

என் அம்மாவின் மரணத்தை மறைத்ததும், நாயைக் கொன்றதும், என் அண்ணன் டொமினிக்கை ஜூன் பதின்மூன்றாம் நாள் என் கையால் அடித்துக் கொன்றதும் உண்மை. எவரும் என்னை வற்புறுத்தவில்லை.

இரு வேண்டுகோள்கள் உண்டு. நாளை கிணற்றைத் திறக்கும்போது பலகையின் அடியில் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். மூன்று மணிக்கு அவர் உறங்குவார். நான் எங்கே என்று அப்பா கேட்டால், பள்ளி வேலையாக மைசூர் போயிருக்கிறேன் என்று சொல்லுங்கள். இன்னும் சில தாள்கள் கொடுத்தால், வாரம் ஒன்றாக அவருக்குக் கடிதம் எழுதித் தந்துவிடுகிறேன்.