விட்டுப்போன அஞ்சாவது ரேஸ்

– சேலை மாட்டிக்கிச்சுன்னு சொல்றதெல்லாம் ஒரு காரணமா, தங்கச்சி? சைக்கிள் கிளப் தலைவர்ங்கிற முறையில கேக்குறேன்.

– சேலை மாட்டலைங்க தலைவரே. கை வேர்த்துப்போச்சு.

– இப்பதான சேலைன்னீங்க!

– சேலையும் வேர்த்துப்போச்சுன்னு வச்சுக்குங்களேன்.

– இது சிரிக்கிற விஷயமில்ல. ஆயிரக்கணக்கான ஜனம் பாக்க, புறப்படுற எடத்துலயே உங்க வீட்டுக்காரர் வண்டியோட சாஞ்சு விழுந்திருக்காரு. ஒரு அடி நகரல. முழங்கை பேந்துபோச்சு.

– ஆயிரக்கணக்கா? பிரியாணிப் பொட்டலம் அறுவதுதான் சொன்னீங்க. அதுலயே மிச்சம் கெடக்குதாம்.

– பேச்ச மாத்தாதீங்க. டைம் டிரையல்னா என்ன? ஒருத்தர் போயி, அப்புறம் ஒருத்தர் போயி, கடியாரத்தோட போட்டி. ஓட்டுறவரு ரெண்டு காலையும் பெடல்ல பூட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. சாயாம பின்னாடியிருந்து ஒருத்தர் சீட்டப் புடிச்சுக்கணும். எதிர நிக்கிறவரு அஞ்சு விரலயும் ஒன்னொன்னா மடக்கி முடிச்சதும் விட்டுடணும். தள்ளவும் கூடாது, இழுத்து வைக்கவும் கூடாது. விதி அவ்வளவுதான்.

– என்னைக் கட்டிக்குடுத்தப்ப எங்கம்மாவுக்கும் இதேதான் சொன்னாங்க.

– போன மாசம் தஞ்சாவூர்ல சரியா விட்டீங்களே! நானே பாத்தேனே!

– தஞ்சாவூர்ல நீங்க மைக்கு புடிக்கலைங்களே.

– என் மைக்குக்கும் உங்க கைக்கும் என்னம்மா சம்பந்தம்? நான் பாண்டிச்சேரியிலேயே சொல்லிட்டு வந்தேன், காரைக்கால்ல உலகத் தரத்துல நடத்திக் காட்டுறோம்னு. இப்ப அங்க போயி என்ன சொல்லுவேன்?

– உலகத் தரமாவது! பத்து கிலோமீட்டர் போனா வாஞ்சூர் செக்போஸ்ட்டு. அதுக்கு அந்தாண்ட வேற மாநிலம், வேற போலீசு, வேற தலைவரு. பேசாம திரும்பி வந்துடணும். நம்ம உலகம் அவ்வளவுதான்.

– நீங்க கேலி பண்ணிக்கிட்டே இருங்க. நான் அறிக்கை எழுதணும்.

– எம்மேலயே எழுதிக்குங்க. சீட்டப் புடிச்ச பொம்பள விடலன்னு. போதுமா?

– 'பிடித்தவரின் கவனக்குறைவு'ன்னு போடுறேன். கௌரவமா இருக்கும்.

– உங்களுக்கு எது கௌரவமோ அதப் போடுங்க. ஒன்னே ஒன்னு. நீங்க மைக்குல சொன்னத அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

– எத?

– எங்க புள்ள பேர.

– அதுதாம்மா நிகழ்ச்சியோட உச்சம்! 'மறைந்தும் மறையாத மிதிவண்டி மாவீரன் அகரன், இதோ, தனது இறுதிப் பந்தயத்திற்குப் புறப்படுகிறார்!' ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தது. எனக்கே புல்லரிச்சுது.

– ஓட்டுனது அவன் இல்லைங்க. அவனோட அப்பா.

– வண்டி யாரோடது? அகரனோடது. நம்பர் யாரோடது? அகரனோடது. வருஷத்துக்கு அஞ்சு ரேஸ். போன வருஷம் நாலு ஓட்டிட்டு, அஞ்சாவதுக்கு முன்னாடி அந்தத் தம்பி போயிட்டாரு. அப்பா இந்த வருஷம் மொதல்லேர்ந்து ஓட்டி, மகன் விட்டதயும் முடிச்சு வைக்கிறாரு. அப்ப யார் பேரச் சொல்றது? முன்னாடியே சொல்லிட்டா சுவாரஸ்யம் போயிடும். இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்னுதான் சொல்லல.

– இன்ப அதிர்ச்சி.

– ஆமா. ஃபிளெக்ஸ்லயும் தம்பி படம் போட்டிருக்கேனே, பாக்கலையா?

– பாத்தேன். உங்க படம் கதவு மாதிரி இருக்கு. அவன் அதுல தாப்பா மாதிரி ஒரு ஓரமா இருக்கான். அத விடுங்க. அவருக்கு நீங்க சொன்னது கேட்டிருக்காது. காத மூடுற ஹெல்மெட்டு. விரலத்தான் உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கேக்காமலே இருக்கட்டும்.

– சரி, நான் சொல்லல. நான் கல்நெஞ்சக்காரன் இல்ல தங்கச்சி. இன்னும் கொஞ்ச நேரம் ரோட்ட மூடித்தான் வச்சிருப்பாங்க. கடைசி ஆள் வந்து சேந்ததும் உங்க வீட்டுக்காரர் ஒரு தடவ போயிட்டு வரட்டும். கணக்குல வராது. ஆனா அஞ்சாவது ரேஸும் முடிஞ்சுதுன்னு ஆயிடும். சிறப்பு அனுமதி. என் அதிகாரத்துல.

– போவாரு. போயிட்டு வந்துதான் ஆவணும். நீங்க மட்டும் அந்த மைக்க வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க.

– என் மைக்கயா?

– உங்க மைக்கத்தான். அந்தா, ஆம்புலன்ஸ்லேர்ந்து எறங்கி வர்றாரு. நீங்க கெளம்புங்க, சாமி.

– வர்றேன். ராஜ்மோகன் சார்! கவலைப்படாதீங்க, பாத்துக்கலாம்!

– என்னவாம் பங்கஜம், மிதிவண்டிச் செம்மலுக்கு?

– விதி படிச்சுக் காட்டுனாரு. அந்தாளு சைக்கிள்ல ஏறி நான் பாத்ததில்ல. முழங்கையக் காட்டுங்க. அய்யய்ய, இவ்வளவு பெரிய கட்டா?

– சிராய்ப்புதான். ஆம்புலன்ஸ்காரருக்குக் காலையிலேர்ந்து வேலை இல்ல. நான் ஒருத்தன் கெடச்சேன், இருக்குற துணியெல்லாம் சுத்திவிட்டுட்டாரு.

– யாரு, மன்னார்குடி ரோடு ரேஸ்ல கடைசி வரைக்கும் உங்க பின்னாடியே ஊந்துகிட்டு வந்தாரே, அவரா?

– அவரேதான். 'இன்னைக்கு இங்கேயே விழுந்துட்டீங்க சார், எங்களுக்கு டீசல் மிச்சம்'ங்குறாரு.

– மன்னார்குடியாவது பரவால்ல. புதுக்கோட்டையில நீங்க வந்து சேர்றப்ப பந்தலப் பிரிச்சு லாரியில ஏத்திட்டாங்க. நான் ஒருத்தி நடுரோட்டுல நின்னு கை தட்டுறேன். டீக்கடைக்காரரு கேக்குறாரு, யாருக்கும்மா தட்டுறீங்கன்னு.

– என்ன சொன்னே?

– கொசு அடிக்கிறேன்னேன்.

– என்னமோ போ. நாலையும் முடிச்சேனா இல்லியா?

– முடிச்சீங்க. அம்பத்தோரு வயசுல, தொப்பையும் அதுமா, புள்ளையோட பனியன மாட்டிக்கிட்டு. உங்க பேங்க்குல அத்தன பேரும் சிரிச்சாங்க. நான் சிரிச்சனா?

– நீதான் மொதல்ல சிரிச்சே.

– அது வீட்டுக்குள்ள. வெளியில விட்டுக்குடுத்தனா? சரி, எந்திரிங்க. தலைவரு அனுமதி குடுத்துட்டாரு. கடைசி ஆள் வந்ததும் நீங்க போயிட்டு வரலாமாம்.

– முழங்கை வலிக்குதுடி.

– இப்பதான் சிராய்ப்புன்னீங்க.

– சிராய்ப்புன்னா வலிக்கக் கூடாதா?

– பாண்டிச்சேரியில மழையில வழுக்கி விழுந்து ரெண்டு முட்டியிலயும் ரத்தம் ஒழுக ஒழுக ஓட்டுனீங்க. அன்னைக்கு வலிக்கல. இன்னைக்கு வலிக்குதா?

– அன்னைக்கு இன்னும் மூணு இருந்துச்சு.

– இப்ப ஒன்னே ஒன்னுதான் இருக்கு. அதத்தான் சொல்றேன், முடிச்சிடுங்கன்னு.

– அடுத்த வருஷம் பாத்துக்கலாம் பங்கஜம்.

– அடுத்த வருஷமா? ஏங்க, நீங்க எனக்கு என்ன வாக்கு குடுத்தீங்க? இந்த அஞ்சையும் ஓட்டி முடிச்சிடுறேன், அப்புறம் வண்டிய அவன் கூட்டாளி கார்முகிலுக்குக் குடுத்துடலாம்னு சொன்னீங்களா இல்லியா? அந்தப் புள்ளையும் கேட்டுக்கிட்டேதான் இருக்கு.

– சொன்னேன்.

– கூடத்துல நிக்கிற வண்டிய நானும் எத்தன நாளைக்கு சுத்திக்கிட்டு நடப்பேன்? ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நீங்க அதுல ஏறி வெளிய போறப்ப, நீங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் செல்போன மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். போன் அடிச்சா உங்க பேரான்னு பாத்துட்டுதான் எடுக்குறேன். ஒரு தடவ அடிச்சுதுல்ல? மண்டபத்தூர் ரோட்டுலேர்ந்து பேசுறோம்மா, ஒரு சைக்கிள் பையன்னு ஆரம்பிச்சாங்களே. அந்தக் கொரல் இன்னும் காதுலயே இருக்கு.

– தெரியும்.

– தெரிஞ்சா ஏறுங்க. இன்னைக்கோட முடியட்டும். இந்தத் தடவ நான் சரியா விட்டுடுறேன். சத்தியமா.

– நீ எதுக்கு சத்தியமெல்லாம் பண்றே?

– என்னாலதான விழுந்தீங்க. ஊரே பாத்துச்சே.

– ஊருக்கு என்ன, பிரியாணி வர்ற வரைக்கும் எதையாவது பாத்துக்கிட்டு இருக்கும்.

– இருங்க, நான் ஒன்னு சொல்லிடுறேன். கோவப்படக் கூடாது. சேலையும் இல்ல, வேர்வையும் இல்ல. அந்தாளு மைக்குல உங்க பேரச் சொல்லல. அகரன் பேரச் சொன்னாரு. அகரன் புறப்படுகிறார்னாரு. எதிர விரல் ஒன்னொன்னா மடங்குது. எனக்குக் கை வரல. அன்னைக்கு காலையில அவன் வாசல்லேர்ந்து 'போயிட்டு வர்றேம்மா'ன்னான். அடுப்புல வெங்காயம் வதங்கிக்கிட்டு இருந்துச்சு. திரும்பிக்கூடப் பாக்காம சரின்னேன். இன்னைக்கும் சரின்னு விட்டுட முடியுமா? இறுக்கிப் புடிச்சிக்கிட்டேன். எப்ப நழுவுச்சுன்னு தெரியல. பாத்தா, நீங்க தரையில கெடக்குறீங்க. என் கை மட்டும் மூடுனது மூடுனபடியே இருக்கு.

– அழுவாத. எல்லாரும் பாக்குறாங்க.

– பாக்கட்டும். நல்லவேளை, உங்களுக்காவது கேக்காமப் போச்சு.

– கேட்டுச்சு.

– பொய் சொல்லாதீங்க. காத மூடுற ஹெல்மெட்டு.

– ஹெல்மெட்டு என் காத மூடும். அந்தாளு வாய எது மூடும்?

– கேட்டுச்சா? கேட்டும் என்னை ஒரு வார்த்த கேக்கலியே, ஏன்டி விடலன்னு?

– எப்படிக் கேப்பேன் பங்கஜம்? நீ விடாமப் புடிச்சிருந்தா நான் சாஞ்சே இருக்க மாட்டேனே. நீ சரியாத்தான் விட்டே. ரெண்டு பிரேக்கயும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டு விடாம இருந்தவன் நாந்தான்.