என் பங்கு பெட்ரோல்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஆடுகிறது, சார். காலுக்கடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும். எந்தக் கோளாறையும் உடனே சரிசெய்துவிடுவது என் சுபாவம்.

நான் தண்ணீர்ப் பம்பு விற்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வெளியூர் வேலைக்கு என் சின்ன விமானத்தை நானே ஓட்டிக்கொண்டு போவேன். அதற்குச் சட்டம் உண்டு. தனியாகப் பறந்தால் பெட்ரோல் செலவு முழுவதையும் ஆபீஸ் தரலாம். கூட ஒருவரை ஏற்றிக்கொண்டால் என் பங்கை நான்தான் போட வேண்டும். தவறினால் விமானி உரிமம் போய்விடும். அதை வாங்க நான் நாய் படாத பாடு பட்டிருக்கிறேன்.

அன்று என் மச்சினன் கூட வந்தான். ஆபீஸில் கணக்கு பார்ப்பவனும் அவன்தான். மேகத்தைத் தாண்டிய பிறகு வாயைத் திறந்தான்.

"மாமா, நீங்க தனியா போறதா எழுதி, முழுப் பணத்தையும் நேத்தே உங்களுக்குப் போட்டுட்டேன்."

"நீயும்தானடா வர்றே?"

"யாரு பாக்கப் போறா? தேன் எடுக்கறவன் புறங்கைய நக்க மாட்டானா? சட்டம் பேசற உங்களக் கட்டிக்கிட்டு எங்க அக்காதான் பாவம்." சொல்லிக்கொண்டே என் பிஸ்கட்டைப் பிரித்தான்.

எனக்குக் கோபம் துளியும் வரவில்லை. உரிமம் போய்விடுமே என்றுதான் நினைத்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அவன் வேலை போகும். அவன் அக்கா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஆக, தனியாகப் பறப்பதுதான் ஒரே வழி. பறந்த தூரம் பறந்ததுதான். மீதியையாவது யோக்கியமாகப் பறக்க வேண்டாமா?

கீழே உப்புச் சதுப்புக்கு நடுவில் பாழடைந்த ஓடுதளம் ஒன்று தெரிந்தது. இறக்கினேன். "சக்கரத்துல காத்து இருக்கா பாரு மாப்ளே" என்றேன். இறங்கிப் பார்த்தான். இருந்தது. நான் கிளம்பினேன். பின்னாலேயே ஓடி வந்து கையை ஆட்டினான், நானும் ஆட்டினேன். மீதி பிஸ்கட்டை ஜன்னல் வழியே போட்டேன். அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை நான்.

இதெல்லாம் போன வாரம் நடந்தது. அவன் வேலை இன்றுவரை பத்திரமாக இருக்கிறது. அதற்கு அவன் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இடத்தைக் காட்டுகிறேன், வாருங்கள் இன்ஸ்பெக்டர் சார். என் விமானத்திலேயே போகலாம். உங்கள் பங்கை நீங்கள் போடுங்கள், என் பங்கை நான் போடுகிறேன். முழுச் செலவையும் அரசாங்கமே கொடுத்துவிட்டது என்று மட்டும் பாதி வழியில் சொல்லிவிடாதீர்கள், சார். அப்புறம் உங்களையும் அவனுக்குத் துணையாக அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.