வாடிய மிளகாய்க்குத் தண்ணீரை நிறுத்தச் சொன்னவருக்கு

பசும்பயிர் பேசாது சொல்லும் துயரைப் பதறாது படித்தறிந்த பண்பின் பெட்டகமே! வாடிய இலையில் வேரின் வலியைக் கண்டு, வந்தவர் முகத்தில் வயிற்றின் கலக்கத்தைக் கண்டு, இரண்டுக்கும் ஒருசேர மருந்து சொன்ன மாண்பாளரே! எங்கள் பயிர் நல மையத்தின் முதுநிலை ஆலோசகராய் அமர்ந்து, உழவர் வாயில் 'இலை மேடம்' ஆகி, அப்பெயரையே பட்டமெனப் பூண்ட எங்கள் அன்புத் தலைவியே! வணங்கி வாழ்த்துகிறோம்!

பணி ஓய்வு மடல் என்றால் பதவிகளையும் ஆண்டுகளையும் அடுக்குவது வழக்கம். நாங்களும் அப்படி ஒன்றை எழுதிப் படித்துப் பார்த்தோம். யாரோ முன்பின் தெரியாதவரைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக, இந்த அரங்கின் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் ஓர் அக்காவுக்கும் தம்பிக்கும் நேர்ந்ததைச் சொல்கிறோம்.

அந்த அக்கா தையல் வேலையை விட்டுவிட்டுத் தம்பியோடு கூட்டுச் சேர்ந்து மிளகாய் போட்ட முதல் வருடம் அது. வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. "ஊசி பிடிச்ச கைக்கு மண்வெட்டி எதுக்குடி?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். நாற்று நன்றாகவே வேர்பிடித்தது. பூவெடுக்கும் நேரத்தில்தான் பள்ளப் பக்கத்துச் செடிகளின் இலைகள் மினுமினுப்பு இழந்தன. அக்கா கவனித்தார். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். பிறகு அடியிலைகள் மஞ்சள் பூத்தன. உச்சி வெயிலில் செடிகள் தலை தொங்கின. தம்பி தண்ணீரைக் கூட்டினார். தலை இன்னும் தொங்கியது. இன்னும் கூட்டினார். உரக்கடைக்காரர் கொடுத்த சத்து மருந்தும் போயிற்று. கடைசியில்தான் அக்கா நம் மையத்துக்கு வந்தார்.

மறுநாள் பொழுது விடியும்போதே தாங்கள் அந்தத் தோட்டத்தில் நின்றீர்கள். மதிய வெயிலில் எந்தச் செடியும் கொஞ்சம் துவளும், விடியலிலும் நிமிராத செடியே உண்மையில் துன்பப்படுகிறது என்று எங்களுக்கெல்லாம் கற்பித்தவர் தாங்களே அல்லவா! பள்ளத்துச் செடிகள் அந்தக் குளிர்ந்த காலையிலும் குனிந்தே இருந்தன.

"என்ன நோய் மேடம்?" என்றார் அக்கா.

"இன்னும் தெரியலம்மா. பாத்துட்டுச் சொல்றேன்."

படித்தவரே தெரியாது என்கிறாரே என்று அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். தாங்களோ மேட்டில் ஒரு நல்ல செடியையும் பள்ளத்தில் ஒரு வாடிய செடியையும் வேரோடு தோண்டி எடுத்தீர்கள். நல்ல செடியில் கை வைத்தபோது அக்காவுக்கு உயிரே போயிற்று. அதன் வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்றதன் வேர் பழுப்பேறி, தோலுரிந்து, மக்கிய வாடை அடித்தது. தோண்டிய குழியில் மெல்லத் தண்ணீர் ஊறி நின்றது.

"தண்ணி பத்தாம வாடலம்மா. தண்ணிக்குள்ள வேருக்கு மூச்சு முட்டுது. தண்ணிய நிறுத்துங்க. பாத்திக்கு நடுவுல வடிகால் வெட்டுங்க. உரமும் இப்ப வேண்டாம். வயிறு கெட்டுக் கிடக்கறவங்களுக்கு யாராவது விருந்து வைப்பாங்களா?"

தம்பிக்குச் சுருக்கென்றது. "வாடற செடிக்குத் தண்ணி விடாதன்னா, கொல்லச் சொல்றீங்களா?"

"பள்ளத்துல கடைசி வரிசைங்க பிழைக்காது தம்பி. அத இப்பவே சொல்லிடறேன். மத்ததக் காப்பாத்தப் பாக்கலாம்."

அக்காவும் தம்பியும் வடிகால் வெட்டினார்கள். ஒரு வாரம் வெயில் நெருப்பாய்க் காய்ந்தது. தொங்கும் செடிகளைப் பார்க்கச் சகிக்காமல் தம்பி ஒருநாள் தண்ணீர் வால்வைத் திறக்கப் போனார். அக்கா குறுக்கே நின்றார்.

"இது போச்சுன்னா நாம ரெண்டு பேரும் போச்சுக்கா. தெரியுதா?"

"தெரியுது. திறக்காத."

அன்று அந்த வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மறுநாள் தம்பி நம் அலுவலகத்துக்குள் புயலாய் நுழைந்தது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நாங்கள் கோப்புகளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டோம். "உங்க மிளகாயா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?" என்று கத்தினார். தாங்களோ பையை எடுத்துக்கொண்டு அவருடைய வண்டியிலேயே பின்னால் ஏறிப் போனீர்கள்.

தோட்டத்தில் களைக்கொத்தியை அவர் கையில் கொடுத்து, "நீங்களே ஒண்ணத் தோண்டுங்க" என்றீர்கள். நடு வரிசையில் படுமோசமாய்த் தெரிந்த செடியாகப் பார்த்துத் தோண்டினார். மண்ணை உதறிப் பார்த்தார்; ஒன்றும் விளங்கவில்லை. அக்காதான் குனிந்து பார்த்தார். பழுப்பேறிய வேருக்கு மேலே, தண்டை ஒட்டி, தையல் நூல் போலப் புது வேர்கள்.

"டேய்... வெள்ளையா விட்டிருக்குடா!"

தம்பி ஈர மண்ணென்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வேரு மேல வெயில் படுது. முதல்ல மூடுங்க, அப்புறம் அழலாம்" என்றீர்கள் தாங்கள்.

கடைசி வரிசைகள் சொன்னபடியே செத்தன. அக்கா தம் கையாலேயே பிடுங்கி அப்புறப்படுத்தினார். மற்றவை மெல்ல நிமிர்ந்தன. தாமதமாய்ப் பூத்துத் தாமதமாய்க் காய்த்தன. அவர்கள் கனவு கண்ட விளைச்சல் இல்லைதான். ஆனாலும் தையல் மெஷினுக்குத் திரும்பிப் போ என்று அதன்பிறகு எவரும் அந்த அக்காவிடம் சொல்லவில்லை. இன்று பள்ளத்துச் செடி ஒன்றின் இலை மங்கினாலும், மஞ்சளாகும்வரை காத்திராமல் அந்த வாரமே மையத்துக்கு வந்து நிற்கிறார்.

நம் தொழிலில் நல்ல பெயர் வாங்க எளிய வழி, வந்தவர் கையில் எதையாவது கொடுத்தனுப்புவது. கையை வைக்காதீர்கள் என்று சொல்வதும், சொல்லிவிட்டு அந்தக் காத்திருப்பின் வேதனையில் கூடவே நிற்பதும் எத்தனை கடினம் என்பதைத் தங்களைப் பார்த்தே அறிந்தோம், அறிவின் ஆழியே! இதை எழுதலாமா என்று அந்த அக்காவிடம் கேட்டோம். "செத்த வரிசைகளையும் விடாம எழுதுங்க. அத மறைக்காம முன்னாடியே சொன்னாங்க பாருங்க, அதனாலதான் மீதிய நம்பினேன்" என்றார். விடாமல் எழுதியிருக்கிறோம்.

நாளையும் தங்கள் தொலைபேசி ஒலிக்கும். எடுக்கவேண்டிய கடமை இனி இல்லை. எடுப்பீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். தங்கள் துணைவர் எங்களிடம் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: இத்தனை காலமும் ஆறிப்போன சோற்றையே உண்டு எழுந்த தாங்கள், இனியாவது சூடாக ஒரு வேளை உண்டு முடித்தபின் அதை எடுக்க வேண்டுமாம். உடல் நலமும் உள்ள அமைதியும் உற்றார் சூழ்ந்த உவகையும் பெருகி, நூறாண்டும் அதற்கு மேலும் நலமே வாழ்க! அழைப்பவர் கொஞ்சம் காத்திருக்கட்டும்!

என்றும் தங்கள் அன்பில்,
பயிர் நல மையப் பணியாளர்கள்