கிணற்றைச் சுற்றியவர்

மட்டக்களப்பில் கிளினிக் வாங்குப்பலகையில் நாவற்குடாக்காரர் ஒருவர், அவர் மகள், மீன் விற்கும் பெண் ஒருத்தி, கடைசியில் நான். சண்டை முடிந்த வருசம்.

"கிணத்தைச் சுத்தித்தான் அப்பா கொலஸ்ட்ரோலக் குறைக்கிறார்" என்றாள் மகள்.

மீன்காரி சிரித்தாள். "கிணத்தடியில சாமியா இருக்கு, சுத்துறதுக்கு?"

"கடல் வந்து அம்மாவக் கொண்டு போச்சு. மறுகா இவருக்கு நெஞ்சுவலி. டொக்டர் நடக்கச் சொன்னவர். சண்டைக்குள்ள றோட்டுல நடக்க ஏலாதுதானே அக்கா. விடியச் சாமம் கிணத்தைச் சுத்தினார். டொக்டர் தந்த குளிசையும் ஒருநாள் விடல்ல. தேங்காய்ப்பால் தொடல்ல."

"எப்பிடி அண்ணே ஏலுமாயிருந்த?" என்று மீன்காரி அவரிடம் கேட்டாள்.

"இவளுக்கு நான் மட்டும்தானே மிச்சம்" என்றார் அவர்.

மீன்காரி பிறகு சிரிக்கவில்லை.

தாதி வந்து ரிப்போட்டை விரித்தாள்.

"முந்தி இருநூற்றித் தொண்ணூறு, மிஸ்" என்றாள் மகள். "இப்ப?"

"நூற்றி எழுபத்தாறு."