சிவப்புப் பையைப் பார்த்துக் கூட்டி வந்தது

இஸ்திரிப் பாட்டி என்று எல்லோராலும் அழைக்கப்படும் நான், வயது எழுபத்தொன்று, சலவைக் கடை மாடியின் பின்னறையில் மகளுடன் குடியிருக்கிறேன். பேத்தியைக் கடத்தியதாக அவளுடைய சித்தி, அதாவது என் மருமகனாக இருந்தவனின் இரண்டாம் மனைவி, புகார் கொடுத்திருக்கிறாள். புகார் நின்றால் நான் இனிப் பள்ளி வாசல் பக்கம் போகக்கூடாதாம். விசாரித்ததில் நான் சொல்வதாவது:

என் மகளும் அவனும் பிரிந்து மூன்று வருடம். கல்யாணத்தன்று என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தவன் அவன். மகளுக்கு ஆஸ்பத்திரியில் முறை வேலை. அது மாற மாறக் குழந்தை எந்த வீட்டில் என்பதும் மாறும். எனக்கு வாசிக்க வராததால், எங்கள் வீட்டு நாளுக்குச் சிவப்புப் பை, அப்பன் வீட்டு நாளுக்கு நீலப் பை என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். தினமும் மூன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் நிற்பேன். சிவப்பென்றால் கூட்டி வருவேன். நீலமென்றால் எட்ட நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

நேற்று சிவப்புப் பையோடு வந்தாள், கூட்டி வந்தேன். வீட்டில் பையைத் திறந்தால் உள்ளே நீலப் பை மடிந்து கிடந்தது. அன்று அப்பன் வீட்டு நாள்.

"என்னடி இது?"

"சித்தி என்னத் தேடுறாங்களான்னு பாக்கணும். சொல்லிடாத பாட்டி."

"அவளா? விட்டது தொல்லைன்னு காலை நீட்டிப் படுத்திருப்பா."

அதன் பிறகு மகளுக்குப் போன் செய்தேன். "உன்கிட்டதான இருக்கா? அவங்களுக்கு நீயே சொல்லிடும்மா" என்று வைத்துவிட்டாள். நான் சொல்லவில்லை. சித்தி தேடி வராததைக் குழந்தை கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

குழந்தை ஜன்னலை விட்டு நகரவில்லை. கொடுத்த பாலில் ஆடை படிந்தது.

ஆறு மணிக்குச் சித்தி போலீஸ்காரருடன் படியேறி வந்தாள். தையல் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள், கழுத்தில் டேப் தொங்கியது. ஒரு காலில்தான் செருப்பு.

"எத்தனை ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னேன் தெரியுமா உங்களுக்கு?"

"நீ பெத்த பிள்ளையா அது?" என்று கேட்டேன்.

அவள் வாய் திறப்பதற்குள் குழந்தை ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். என் வீட்டில் குழந்தை அப்படிச் சிரித்து மூன்று வருடம் ஆகிறது.

இந்தக் கடைசி வரியை அடித்துவிடச் சொன்னேன். சொன்னதை அடிக்க முடியாது என்றார் அதிகாரி. மூன்றரை மணிக்கு வாசலில் நிற்க மட்டும் என்னை விட வேண்டும். தினமும் நீலப் பையாகவே இருந்தாலும் சரி, எட்டவே நிற்கிறேன்.

எல்லாம் வாசித்துக் காட்டப்பட்டது. அந்த வரியும் சேர்த்து, நான் சொன்னதுதான், நடந்ததுதான்.

இடது பெருவிரல் ரேகை.