யாரும் விழாத இல்லம்

எங்கள் முதியோர் இல்லத்துத் தரையில் யாரும் வழுக்கி விழ முடியாது. வேண்டுமானால் ஈரக் காலோடு ஒரு நடை நடந்து பாருங்கள். எத்தனையோ தரைகளைத் தடவிப் பார்த்து நான் தேர்ந்தெடுத்தது அது. நீங்கள் விசாரிக்க வந்த விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

பாதுகாப்பு மேலாளராக நான் சேர்ந்த வருடம், குளியலறையில் ஒரு மூதாட்டி விழுந்து இடுப்பு உடைந்து இறந்துபோனார். அவர் மகன் சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டான். "உன்ன நம்பித்தானே எங்கம்மாவ விட்டுட்டுப் போனேன்?" அதற்குப் பிறகு இங்கே யாரும் விழவில்லை. அதைப் பாராட்டிக் காலாண்டுக்கு ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து கேக் வரும். மேலே க்ரீமில் பெரிய பூஜ்யம் போட்டிருக்கும். அந்தப் பூஜ்யத்தின்மேல் கத்தி வைக்க எனக்கு மனம் வராது. சுற்றித்தான் வெட்டுவேன்.

ஓரெஸ்ட் கோவலிக் தன் மனைவி ஸ்டெஃபானியாவோடு இங்கே வந்தார். கோதுமை விவசாயி, கால்கள் நன்றாக இருந்தன. ஸ்டெஃபானியாவுக்குப் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலி, பேச்சும் குழறும். அதிகக் கவனிப்புத் தேவைப்பட்டதால் அவர் அறை தாழ்வாரத்தின் மறுகோடியில். மாலைத் தேநீர் நேரத்தில் ஓரெஸ்ட் ஒரு கசகசா ரொட்டித் துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, பழைய நடனக் காலணிகளை மாட்டிக்கொண்டு, அத்தனை தூரமும் நடப்பார். போனதும் மனைவியின் கையைப் பிடித்து, நாற்காலியைச் சுழற்றி, சுற்றிச் சுற்றி போல்கா நடனம் ஆடுவார். தோல் அடிப்பாகம் கொண்ட காலணிகள். பனிக்கட்டி மாதிரி வழுக்கும்.

விழக்கூடிய அபாயம் உள்ளவர்களுக்கு நாங்கள் மஞ்சள் காலுறை தருவோம். அடியில் ரப்பர் புள்ளிகள் இருக்கும். ஓரெஸ்டுக்கும் கொடுத்தேன்.

"லோர்னாம்மா, இதப் போட்டா நான் வாத்து மாதிரி இருக்கேன். எம்பொண்டாட்டி வாத்தையா கட்டிக்கிட்டா?"

"வாத்து வழுக்கி விழாது, ஓரெஸ்ட்."

"வாத்து ஆடாதும்மா."

பணிப்பெண்கள் சிரித்தார்கள். ரொவீனாவின் சிரிப்புதான் சத்தமாக இருந்தது. நானும் சிரித்தேன். அன்று மாலை அந்தக் காலணிகளை என் அலமாரிக்கு எடுத்துச் சென்றேன். தைக்கக் கொடுத்திருப்பதாக அவரிடம் சொன்னேன்.

அவர் வெறுங்காலோடு நடந்தார். மருத்துவரிடம் பேசி இடுப்புப் பட்டை வைத்த நாற்காலி வரவழைத்தேன். பட்டை பார்வைக்கு உறுத்தக் கூடாது என்று நானே ஒரு போர்வை பின்னி மடியில் போர்த்தினேன். அவர் கண்ணின் நீலத்துக்குப் பொருத்தமாக நூல் வாங்கினேன். இதையெல்லாம் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பட்டையை அவிழ்க்கக் கற்றுக்கொண்டார். கவனித்துப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு அவர் எழுவதில்லை. டிவியில் ஹாக்கி ஓடும்போதும் எழுவதில்லை. ஸ்டெஃபானியாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும்போது மட்டும் எழுந்தார். எங்கள் துறையில் முதல் பாடம் இதுதான்: ஆபத்துக்குக் காவல் போடாதே, ஆபத்தையே அகற்று.

வான்கூவரில் இருக்கும் அவர்கள் மகள் டார்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், பிராண்டன் நகரில் உள்ள வேறொரு இல்லத்தில் அம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி கிடைக்கும் என்று. அது முழுப் பொய்யல்ல. அங்கே ஒருவர் எப்போதாவது வந்துபோவார். பனி கொட்டிய ஒரு காலையில் ஸ்டெஃபானியாவை வண்டியில் ஏற்றினோம். ஓரெஸ்ட் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். குளியல் நேரத்தை மாற்றியதும் நான்தான்.

பிறகு அவர் தேடத் தொடங்கினார். ஒவ்வொரு கதவாகத் தட்டினார். தூக்க மாத்திரை கொடுத்தால் தள்ளாட்டம் கூடும். அதனால் மென்மையான வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஸ்டெஃபா நாளைக்கு வர்றாங்க. ஆனா நீங்க எழுந்து நிக்கிறீங்கன்னு தெரிஞ்சா அனுப்ப மாட்டாங்க."

"உக்காந்தே இருந்தா?"

"வருவாங்க."

"அவ்ளோதானா? கோந்து போட்டு ஒட்டுன மாதிரி உக்காந்திருக்கேன், பாரு."

அன்றே பட்டையைக் கழற்றச் சொன்னேன். குறித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அவருக்குப் பட்டையும் இல்லை, மாத்திரையும் இல்லை. தினமும் தலை வாரிக்கொண்டு, மஞ்சள் காலுறையையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தினமும் கேட்பார். நாளைக்கு என்பேன். அவருடைய கால்கள் வற்றிக் குச்சியாயின.

பிராண்டனில் ஸ்டெஃபானியா கரண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பனி உருகுமுன் இறந்துவிட்டார். அப்பாவிடம் நேரில் வந்து சொல்வதாக டார்கா அழுதாள். அப்பா தாங்க மாட்டார், எழுந்து ஓடி விழுந்துவிடுவார், பக்குவமாக நானே சொல்கிறேன் என்றேன். நம்பினாள். நான் சொல்லவில்லை.

ரொவீனா என் அறைக்கு வந்தாள்.

"அவருகிட்ட சொல்லிடலாம் மேடம். பாவம், மாப்பிள்ள மாதிரி தலை வாரிட்டு உக்காந்திருக்காரு."

"சொல்லி, விழுந்துட்டா? நீ பொறுப்பா?"

"விழட்டுமே மேடம். மனுசன் விழுந்து பொரண்டு அழக்கூடவா உங்ககிட்ட அனுமதி வாங்கணும்?"

அவளைச் சலவைப் பகுதிக்கு மாற்றினேன். உங்களிடம் புகார் செய்தது அவள்தான் என்று தெரியும். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை.

கடைசி நாள் மதியம் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"லோர்னாம்மா, நான் ஒழுங்கா உக்காந்திருந்தேன்ல?"

"ரொம்ப ஒழுங்கா."

"அப்ப ஏன் அவ வரல?"

"நாளைக்கு," என்றேன்.

தலையாட்டினார். நீலப் போர்வையைச் சரிசெய்துகொண்டார். சற்று நேரத்தில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கைகள் இரண்டும் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. அடக்கத்துக்குக் காலணி கேட்டார்கள். அலமாரியிலிருந்து எடுத்து, பாலிஷ் போட்டு, நானே மாட்டிவிட்டேன். மஞ்சள் காலுறையை மட்டும் கழற்றவில்லை.

ஆமாம், மனைவியைப் பிரித்தது நான்தான். ஸ்டெஃபானியா இறந்ததை அவரிடம் மறைத்ததும் நான்தான். காத்திருக்க வைத்தே அவரைக் கொன்றேன் என்று ரொவீனா சொன்னால், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் பொறுப்பில் இருந்தவரை அவர் விழவில்லை. அதையும் எழுதுங்கள்.

இன்றைக்குத்தான் கேக் வந்திருக்கிறது. ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள்.