சிவப்பைத் தொடாத முள்ளு

போதுமா பாய், இன்னும் பேசணுமா? சத்தம் காட்டுற முள்ளு ஆடுதுல்ல? நான் பேசுனா எந்த மெஷின்லயும் ஆடும்லா. தேயிலை ஃபேக்டரியில ரோலர் பக்கத்துல நின்னு கத்திக் கத்திப் பழகிட்டேன், வீட்டுலயும் அதே தொண்டைதான் வருது. எம் பொண்டாட்டி தங்கம்மா சொல்லுவா, பக்கத்துல உக்காந்திருக்கற எனக்குச் சொல்றீங்களா, அடுத்த ஊரு திரிங்காப்புல தோட்டத்துல நிக்கறவனுக்குச் சொல்றீங்களான்னு.

சரி, தள்ளி உக்காந்துக்கறேன். இப்ப? சிவப்புக்குப் போவுதா? ஆங், அங்கதான் நிக்கணும். தொட்டும் தொடாம. நீங்க பாட்டு ஏத்துறப்ப அந்தத் திருகைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்களே, பாத்திருக்கேன். சோத்துப் பானை பொங்குறப்ப மூடியத் தூக்கிப் பிடிக்கற மாதிரி. அதுக்குத்தான் இந்த மழையில பிரிஞ்சாங்ல உங்க கடை வரைக்கும் வந்தேன். லயத்து வீட்டுல எங்கிட்டயும் ஒரு ரேடியோ கேசட் இருக்கு பாய், ஈப்போவுல வாங்குனது. ஆனா அதுல முள்ளும் இல்ல, திருகும் இல்ல. தானாவே ஏத்திக்கும், தானாவே எறக்கிக்கும். பேசுறவரைக்கும் ஒழுங்கா இருக்கும். பேச்ச நிறுத்துனோம்னு வைங்க, அது சும்மா இருக்காது. வேற என்ன சத்தம் இருக்குன்னு தேட ஆரம்பிச்சிரும். தகரத்துல மழை, வளையல், மூச்சு, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வரும். ஆள் இல்லாத வீட்டுல ஆளத் தேடுற மாதிரி.

இருங்க இருங்க, லாரி போவுது. முட்டகோஸ் ஏத்திக்கிட்டுக் கீழ எறங்கறான். முள்ளு எப்படித் துள்ளுது பாருங்க. போய்த் தொலையட்டும்.

என்ன வேணும்னு சொல்லிர்றேன். இந்தாங்க, ரெண்டு கேசட். இது புதுசு, ஊருக்குப் போறது. தங்கம்மாவோட அம்மாவுக்கு. எங்க அத்தை, மாரியம்மான்னு பேரு. முசிறிப் பக்கம் மகன் வீட்டுல இருக்காங்க, அமிர்தலிங்கம், என் மச்சான். அத்தைக்குக் கண்ணு போயிருச்சு. இது பழைய கேசட். இதுல தங்கம்மா பேசுறது கொஞ்சம் இருக்கு. புதுசுல மொதல்ல நான் பேசுவேன், பின்னாடியே இவ பேசுறத இதுலேருந்து அதுல ஏத்தணும். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒரே பலகையில உக்காந்து பேசுன மாதிரி இருக்கணும். என் குரல் கூரை மேலயும் அவ குரல் கெணத்துக்குள்ளயும் கெடக்கக் கூடாது.

அவளையே கூட்டிட்டு வந்திருக்கலாமேன்னா, வரமாட்டா பாய்.

யாரு, உங்க வீட்டு தாஹிராம்மாவா? வாங்கம்மா. தேத்தண்ணிலாம் எதுக்கு, நாள் பூரா அதுக்குள்ளதான கெடக்கறேன். குடுங்க, குளுருக்கு எறங்கட்டும். எங்க தூளா இருந்தா மூக்கே சொல்லிரும். இது வேற எங்கயோ. சும்மா சொன்னேன்மா, நல்லாத்தான் இருக்கு.

எங்க விட்டேன்? குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை இல்லன்னு அந்த பர்மிட்டுப் பிரச்சனை வந்துச்சில்ல, நெறையப் பேரு ஊருக்குக் கெளம்பிப் போனாங்களே, அப்பத்தான் அத்தையும் மச்சானும் போனது. பினாங்குல கப்பல் ஏத்திவிட்டோம். அம்மாவுக்கும் மகளுக்கும் எழுதப் படிக்க வராது. அடுத்தவன் எழுதுற லெட்டர்ல என்னத்த மனசு விட்டுச் சொல்றது? அதான் கேசட்டு. எங்க லயத்துல அப்ப எல்லாருமே அப்படித்தான்.

தங்கம்மாவுக்கு மைக்குன்னா வெக்கம். அதனால ஒரு பழக்கம் வச்சிருந்தோம். மொதல்ல இந்தப் பழைய கேசட்டப் போட்டு, இது அனுப்புறது இல்ல புள்ள, சும்மா சத்தம் எப்படி விழுதுன்னு பாக்கறேன், எதையாச்சும் பேசுன்னு சொல்லுவேன். கொட்டுவா பாய். மலையில எந்த நெரையில கொழுந்து நல்லா வந்திருக்கு, கங்காணி பொண்டாட்டி யாரோட சண்டை, அம்மா வச்ச கருவாட்டுக் கொழம்பு ஏன் தன் கைக்கு வரமாட்டேங்குதுன்னு. அப்புறம் புதுக் கேசட்டப் போட்டு இப்ப நெசமாலுமேன்னு சொல்லிட்டாப் போதும், பள்ளிக்கூடத்துல பாட்டு ஒப்பிக்கற மாதிரி ரெண்டு வரி. நான் நல்ல சுகம், உன் சுகத்துக்குக் கேசட் போடு. முடிஞ்சிருச்சு. ஊருக்குப் போனது அந்த ரெண்டு வரி. கொட்டுனதெல்லாம் எங்கிட்டயே தங்கிப்போச்சு.

போன வருசம் ஆடியில காய்ச்சல் பாய். தோட்டத்துல மருந்து குடுக்கற டிரஸ்ஸர் பாத்துட்டுக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னாரு. தோட்டத்து வேன்ல வச்சுக் கொண்டுபோனோம். தாப்பா ரோட்டு வளைவு உங்களுக்குத் தெரியாததா. என் தோள்லதான் சாஞ்சிருந்தா. வளைவுக்கு வளைவு அவ தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயும், நான் பிடிச்சுக்குவேன். எந்த வளைவுல அவளா சாயறத நிறுத்துனான்னு எனக்குத் தெரியல. பக்கத்துலயே இருந்தவனுக்குத் தெரியல.

இல்ல, இருங்க, நிறுத்த வேணாம். டேப் ஓடட்டும். முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துக்கங்க. இப்ப மெதுவாத்தான பேசுறேன்.

ஊருக்குச் சாவுத் தந்தி குடுக்கத்தான் போனேன். போஸ்டாபீசுல கணக்கு எழுதுற கிராணி, உனக்கு ஒரு பார்சல் இருக்கு சின்னையான்னு எடுத்துக் குடுத்தாரு. ஊருலேருந்து கேசட்டு. தந்தி குடுக்காம வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். மச்சான் பேசுறான். அம்மாவுக்கு நெஞ்சு சரியில்ல, எதையும் பட்டுன்னு சொல்லக்கூடாதுங்கறாரு டாக்டர்னு. அப்புறம் அத்தை. தங்கம், உன் குரலக் கேட்டாத்தான் கஞ்சி எறங்குது, ரெண்டு வரியோட நிறுத்தாதடின்னு.

என்ன செஞ்சிருப்பீங்க? பக்கத்து வீட்டு நாகப்பன்கிட்டேருந்து அவன் மெஷினை எரவல் வாங்கிட்டு வந்தேன். ரெண்டு மெஷினையும் எதிர எதிர வச்சு, ஒண்ணு பேச ஒண்ணு கேக்க, கருவாட்டுக் கொழம்பு பேச்சை ஏத்தி அனுப்பிட்டேன். அவ பேச்சு முடியற வரைக்கும் இருமாம, அசையாம உக்காந்திருந்தேன். அத்தைக்காகத்தான் செய்யறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்படித்தானா? அந்த மாதிரி உக்காந்திருக்கறதுக்காகவே அடுத்ததையும் செஞ்சேனோ என்னமோ.

அத்தைக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா. பதில் கேசட்டுல சொல்றாங்க, இப்பத்தான்டி நீ மகளாட்டம் பேசுற, முன்னெல்லாம் துரை முன்னால நிக்கற மாதிரியில்ல பேசுவன்னு. செத்ததுக்கப்புறந்தான் பாய், அவ அம்மாகிட்ட மனசு விட்டுப் பேசுனா.

ஒரு தடவ இதையும் கேட்டாங்க. நீ பேசுறப்பெல்லாம் மழை பெய்யுதே, உங்க மலையில விடவே விடாதான்னு. அது மழை இல்ல. இரைச்சல். ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு ஏத்துறப்ப ஸ்ஸுன்னு சேர்ந்துக்குமே, அது. என் பேச்சுல இருக்காது, அவ வாயத் தொறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்து நிக்கும். ஆமாத்தை, இங்க ஓயாத மழைதான்னு அடுத்ததுல சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வெயில் அடிச்சாலும் எனக்குக் கூரையில மழை பெய்யற மாதிரிதான் காதுல கேக்குது.

சரி, பழசப் போடுங்க. அதுல இன்னும் அனுப்பாதது ஒரு துண்டுதான் மிச்சம். இதோ, இப்ப வருது.

கேட்டீங்களா? என்னத்தப் பேசச் சொல்றீங்க, பேசுறதெல்லாம் நீங்களே பேசுங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு சொல்றா. அதுக்குப் பின்னாடி அந்தச் சிரிப்பு. மொதல்ல சிரிப்புக்குத் திருகை வைங்க பாய், அதான் சத்தமான எடம். அது சிவப்பைத் தொடாம நின்னாத்தான் மத்ததுக்கு வழி. கிழிஞ்சிரக்கூடாது அந்தச் சிரிப்பு. ஆனா ரொம்ப எறக்கிட்டா முன்னால பேசுறது இரைச்சல்ல முங்கிரும். சூசாதான், கஷ்டம்னு தெரியும்.

கண்ணு தெரியாத கெழவிக்கு இவ்வளவு சுத்தமா எதுக்குங்கறீங்க. நியாயந்தான். அத்தைக்குன்னா நான் நாகப்பன் மெஷின்லயே ஏத்தியிருப்பேன், மழைன்னு சொன்னா நம்பிக்குவாங்க.

ம். இருங்க பாய். தேத்தண்ணிய ஓரமா வச்சிர்றேன்.

என்ன சொல்றீங்க? திரும்பச் சொல்லுங்க. ஓ. என் பேச்சையும் இந்தப் பழைய கேசட்டுலயே பதிஞ்சு, ரெண்டையும் சேத்துப் புதுசுக்கு ஏத்துனா, எனக்கும் அதே இரைச்சல் விழும். அவ வர்றப்ப மட்டும் முளைக்காது. அது சரிதான். அது எனக்குத் தோணல பாருங்க. அவள என் பக்கம் கொண்டுவரத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், நான் அவ பக்கம் போகலாம்னு தோணல.

அவ பேச்சுக்கு முன்னாடி கொஞ்சம் வெறும் டேப்பு இருக்கு, ஆமா. ஆனா கொஞ்சம் தாண்டுனா அவ மேலயே பதிஞ்சிரும் பாய். அவ போயிருவா. கேசட்டு முதுகுல இருக்கற அந்தப் பல்லைக்கூட நான்தான் ஒடச்சு வச்சிருக்கேன், யாரும் தெரியாம பதிஞ்சு அழிச்சிரக் கூடாதுன்னு. நீங்க அதுல காகிதம் ஒட்டித்தான் அழுத்தணும்.

நீங்க செய்ங்க. முடியற எடம் வர்றப்ப கைய ஒசத்துங்க, பாதிப் பேச்சா இருந்தாலும் நிறுத்திருவேன்.

கேட்டீங்கல்ல, எதுக்கு இவ்வளவு சுத்தம்னு. போன மாசம் ஊருலேருந்து கேசட் வந்துச்சு. மச்சான் பேசுறான், கண்ணாடி மாதிரி இருக்கு. மழை பத்தலைங்கறான், பசு கன்னு போட்டிருக்குங்கறான். அப்புறம் அம்மா பேசுறாங்க மாமான்னு சொல்லி நிறுத்துறான். உடனே பேச்சு வரல பாய். மொதல்ல ஸ்ஸுன்னு வருது. அது வந்து நின்னதுக்கப்புறந்தான் அத்தை பேசுறாங்க. தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட நிக்காதடி தங்கம், குளுருற ஊருன்னு. தங்கம்மா கேட்டுவிட்ட எதுக்கும் பதில் இல்ல. எதைக் கேட்டாலும் விடாம பதில் சொல்ற பொம்பள. ரெண்டு எடத்துல இருமுறாங்க. அந்த இருமலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன், பழைய கேசட் ஒண்ணுல, அதே ரெண்டு எடத்துல.

அங்க முசிறிக் காட்டுல, மழையே இல்லாத ஊருல, அவங்களுக்கும் மழை பெய்யுது.

அம்மா போனது அக்கா தங்கத்துக்குத் தெரிஞ்சா தாங்காதுன்னுதான மச்சான் இப்படிச் செய்யறான். அவன் மட்டுந்தான் இப்ப நான் அனுப்புறதக் கேக்கறது, அதுவும் வெவரம் தெரிஞ்ச காதோட. ஒருவேளை என்னோடதுல ஸ்ஸுன்னு கேட்டுத்தான் அவன் கத்துக்கிட்டானோ, எல்லாம் தெரிஞ்சேதான் அனுப்புறானோன்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வரல. தெரியாம இருந்தா, இன்னைக்கு ஏத்துறதுல தெரிஞ்சிரக் கூடாது. அவ்வளவுதான் பாய். அவனுக்கு ஒரு அக்கா மிச்சம் இருக்கட்டும்.

காகிதம் ஒட்டியாச்சா? லாரி எதுவும் வரலையே? சரி, அழுத்துங்க. மச்சான் காத்துக்கிட்டு இருப்பான்.

அத்தை, நல்லாருக்கீங்களா. நான் சின்னையா பேசுறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் நல்ல சுகம். தங்கம் பக்கத்துலதான் உக்காந்திருக்கா. மழை இன்னும் விடல.